பத்து மாத அட்வான்ஸ்

கேள்வி: பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை கொடுத்து மாளாது என்கிறார்கள். வீடே வாங்கிவிடலாமா?
– பெயர் வேண்டாத வாசகர், மதுரை

பதில்: கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் வங்கி வீட்டு மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீதிக் கால் பங்கும் பதிவுச் செலவும் உங்கள் மடியிலிருந்துதான் வரவேண்டும். வாடகைக்கே போங்கள். பத்து மாத அட்வான்ஸ் அந்த ஊர்ப் பழைய வழக்கம். 2021 மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதம் போதும் என்கிறது. வீட்டுக்காரரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வீட்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பவர்களும் உண்டு, நீங்கள் சுவரில் காலண்டர்கூட மாட்டியிருக்காவிட்டாலும். வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில் என்றால் ஓசூரில் பாருங்கள். மிச்சமாகும் பணத்தை வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் நிதானமாக எண்ணலாம்.