வீட்டு பீர்க் குற்றவியல்: ஓர் அறிமுகம்

நுவலும் பொருள்: சொந்தச் சமையலறையில் காய்ச்சிய பீர் ஏன் நாறுகிறது என்பதும், அந்தப் பழியை யார் தலையில் கட்டுவது என்பதும்.

களம்: 1963இல் உரிமக் கட்டுப்பாடு நீங்கிய பிரிட்டனும், 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வழி திறந்த அமெரிக்காவும். அதற்கு முன்பும் காய்ச்சினார்கள். ஆனால் உரிமமின்றிக் காய்ச்சியதே குற்றமாக இருந்ததால், சுவைக் குற்றத்தைத் தனியே முறையிட யாரும் முன்வரவில்லை.

முன்னூல்: 1970களில் மோர்டன் மெய்ல்கார்ட் வகுத்த சுவைச் சக்கரம்.

குற்றம் அறுவகைப்படும்.

முதலாவது வெண்ணெய் மணம். காரணம் டயாசிட்டைல். ஈஸ்ட்டின் வேலையால் உண்டாவது. ஈஸ்ட்டே தின்று தீர்ப்பது. தின்று முடிக்குமுன் குளிரில் வைத்தால் அப்படியே தங்கிவிடும். விசாரணை முறை: பீரை இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றை ஏறத்தாழ 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஆற்றி, இரண்டையும் முகர்க. சூடுபட்டது மட்டும் வெண்ணெயாக மணந்தால் ஈஸ்ட்டின் வேலை முடியவில்லை. பரிகாரம்: வெப்பத்தைச் சற்றே கூட்டி, இரண்டு மூன்று நாள் சும்மா இருத்தல். பின்னது சித்தர்களுக்கே எளிதில் கைகூடாதது.

இரண்டாவது பச்சை ஆப்பிள். அசிட்டால்டிஹைடு ஆல்கஹாலாக மாறுமுன் அவசரப்பட்டு அடைத்ததன் பயன். பரிகாரம் மேற்படி.

மூன்றாவது வெந்த சோளம். கொதிக்கும்போது ஆவியோடு போக வேண்டிய டைமெத்தில் சல்ஃபைடை, மூடி போட்டுக் காத்தவர் குற்றவாளி.

நான்காவது மருந்துக்கடை. குழாய்நீரின் குளோரின் பீரிலுள்ள ஃபீனால்களோடு கூடியதால் வந்தது.

ஐந்தாவது ஈர அட்டை. நொதித்த பீரில் காற்றைக் கலக்கவிட்டதால் வந்தது.

ஆறாவது ஸ்கங்க் நாற்றம். ஹாப்ஸின் கசப்பு வெயில் பட்டுச் சிதைவதால் வருவது. சில நிமிடமே போதும். பழுப்புப் புட்டி காக்கும். பச்சைப் புட்டி அழகாக இருக்கும்.

அற்றேல், வாழைப்பழ மணத்தை ஏன் எண்ணவில்லை எனின், கூறுதும். ஐசோஅமைல் அசிட்டேட் லாகரில் வந்தால் குற்றம்; பவேரியக் கோதுமை பீரில் வராவிட்டால் குற்றம். கிராம்பு மணமும் அன்னதே. பெல்ஜியத்து லாம்பிக்கிலோ குதிரைப் போர்வை நாற்றத்தைத் தேடிப்போய்ப் பாராட்டுவர். எனவே குற்றத்தில் பாதி பீரில் இல்லை, புட்டியில் ஒட்டிய பெயரில் இருக்கிறது என்பது பெற்றாம்.

இதனால் போந்த முடிவு: வெப்பமானியினும் மலிவான கருவி பேனா. லாகரில் வாழைப்பழம் மணந்தால் ‘பவேரியக் கோதுமை பீர்’ என எழுதி ஒட்டுக. கோதுமை எங்கே என்று கேட்பவருக்கு இரண்டாம் புட்டி தருக. ஈர அட்டைக்கு மட்டும் எந்தப் பெயரும் பொருந்தாது. ஆங்கு மாற்ற வேண்டியது விருந்தாளியை.