ஜன்னல் ஓரம் நிற்காதீர்கள்

பிராக் என்று இன்று ஒரே பெயரில் சொல்கிறோம். 1784 வரை அது ஓர் ஊரே இல்லை, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நான்கு ஊர்கள். வல்தாவா ஆற்றின் கீழ்க்கரையில் பழைய நகரம், புதிய நகரம். மேற்கரையில் மாலா ஸ்த்ரானா, அதன் தலைக்கு மேலே கோட்டையை ஒட்டி ஹ்ராட்சானி. நாலுக்கும் தனித்தனி நகரசபை, தனித்தனி வீறாப்பு. "போதும் உங்கள் கூத்து" என்று ஒன்றாக்கியவர் இரண்டாம் ஜோசப்.

புதிய நகரம் என்றதும் நேற்று பிளாட் போட்டு விற்ற இடம் என்று நினைக்காதீர்கள். நான்காம் சார்லஸ் மன்னர் 1348-ல் போட்ட லேஅவுட் அது. குதிரைக்கு ஒரு சந்தை, மாட்டுக்கு ஒன்று, வைக்கோலுக்கு ஒன்று என்று ஒதுக்கினார். மனிதர்கள் எங்கேயாவது புகுந்து கொள்வார்கள் என்று விட்டிருப்பார் போல. அந்தக் குதிரைச் சந்தைதான் இன்றைய வென்செஸ்லாஸ் சதுக்கம்.

இந்தப் புதிய நகரத்தின் நகரசபை மாடியில்தான் 1419-ல் பிராக்கின் தேசிய விளையாட்டு ஆரம்பமானது. சிறையிலிருக்கும் தங்கள் ஆட்களை விடச் சொல்லி ஊர்வலம் வந்த, மதச் சீர்திருத்தவாதி ஹுஸின் கட்சிக்காரர்கள், பேச்சு முற்றியதும் மாடியேறி, கவுன்சிலர்களை ஜன்னல் வழியாக அனுப்பிவைத்தார்கள். கீழே ஈட்டியோடு வரவேற்புக் குழு தயார். சேதி கேட்ட ராஜா அடுத்த மாதமே கண்ணை மூடினார்.

மாலா ஸ்த்ரானாக்காரர்கள் சாது. நெருதா தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பொம்மை: இரண்டு சூரியன், மூன்று பிடில். அதுதான் விலாசம். 1770-ல் மரியா தெரசா எல்லா வீட்டுக்கும் நம்பர் போட வைத்தார். தபால்காரர் மேல் பரிதாபப்பட்டு அல்ல, ராணுவத்துக்கு ஆள் பிடிக்க வசதியாக.

யூதர்களின் பேட்டையான யோசெஃபோவ் கதையில் சிரிக்க அதிகமில்லை. கல்லறைக்கு வேறு இடம் தராததால் பிணத்தின் மேல் பிணமாக, சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை புதைத்தார்கள். 1890-களில் 'சுகாதாரம்' என்று பேட்டையையே இடித்துப் பணக்காரத் தெரு போட்டார்கள். மிஞ்சியவை சில ஜெபக்கூடங்களும், ஒரு நகர மண்டபமும், அந்தக் கல்லறையும்.

கோட்டைக்கு வருவோம். 1618 மே 23. கத்தோலிக்க ராஜாவின் பிரதிநிதிகள் ஸ்லாவாட்டாவையும் மார்ட்டினிட்ஸையும் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் ஜன்னலுக்கு வெளியே தள்ளினார்கள். ஸ்லாவாட்டா விளிம்பைப் பிடித்துத் தொங்க, விரலில் அடித்து விடுவித்தார்கள். "ஐயா, நான் வெறும் குமாஸ்தா" என்று சொல்ல ஃபாப்ரிசியுஸுக்கு அவகாசம் கிடைத்ததோ என்னவோ, அவரும் பின்னாலேயே போனார். ஏறக்குறைய எழுபதடி. மூவரும் பிழைத்தார்கள்! மாதாவே தாங்கிப் பிடித்தாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பைமேடு தாங்கியது என்றது எதிர்த்தரப்பு. எனக்குக் குப்பைமேட்டின் மேல்தான் நம்பிக்கை. பின்னால் குமாஸ்தாவுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது, 'உயர வீழ்ச்சிக்காரர்' என்ற பொருளில்! பட்டம் கொடுத்த பேரரசருக்கும் குசும்பு உண்டு.

இதில் கிளம்பியதுதான் முப்பதாண்டுப் போர். 1648-ல் ஸ்வீடன் படை மாலா ஸ்த்ரானாவில் புகுந்து கோட்டையின் ஓவியங்களையும் சிலைகளையும் வாரிக்கொண்டது. ஆனால் சார்லஸ் பாலத்தில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் மறித்து நிற்க, பழைய நகரத்துக்குள் நுழைய முடியவில்லை. போர் ஆரம்பித்த ஊரிலேயே ஓய்ந்தது. பழைய அரண்மனைக்கு டிக்கெட் வாங்கினால் அந்த ஜன்னலையும் பார்க்கலாம், தனிக் கட்டணம் இல்லை.