மடிக் குழந்தையின் காலநிர்ணயம்: கீரனூர் வேன் சுற்றுலா பற்றி ஒரு முன்னாய்வு

கீரனூர் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடை வாசலிலிருந்து, காலை ஆறரைக்குக் கிளம்பும் என்று அறிவிக்கப்பட்டு எட்டேகாலுக்குக் கிளம்பும் பன்னிரண்டு சீட்டு வேனே இவ்வாய்வின் பொருள். நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் நான்கையும் ஒரே நாளில் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் ஊரில் கொண்டுவந்து விடும். தலைக்கு 500 ரூபாய். கட்டுச்சோறு அவரவர் பாடு. மேற்படி இடங்களைப் பற்றி அறிஞர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் கல்வெட்டுகளைத் தொகுத்து 1929-இலேயே புத்தகமாக அச்சிட்டுவிட்டது. அங்கே போகும் வேனைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வரி இல்லை. தமிழாய்வுலகின் இந்தப் பெரும் பள்ளத்தில் ஒரு கூடை மண்ணாவது போடலாம் என்று துணிந்தோம்.

முதலில் ஆய்வெல்லை. குன்றாண்டார்கோயில் இதில் சேராது. பாறையைக் குடைந்த சிவன் கோயிலும், குதிரை பூட்டிய தேர் போலவே கட்டிய மண்டபமும் அங்கே இருக்கின்றன. கீரனூருக்குப் பக்கமும் கூட. சேராததற்குக் காரணமே அதுதான். “பக்கத்துலதானே இருக்கு, என்னைக்கு வேணாலும் பாத்துக்கலாம்” என்ற விதியின்படி அதைக் கீரனூர்க்காரர் பலர் இன்னும் பார்க்கவில்லை. தஞ்சாவூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்து இடவியல். வேன் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நாகரிகக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக்கு ஏறிப் பார்த்ததில்லை. மலையுச்சிக்குக் கீழே, ஒரு பக்கம் செங்குத்தான சரிவு, இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். அந்தக் குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்காக மழமழவென்று தேய்த்த பதினேழு கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணையோடு. அவற்றுள் ஒன்றின் பக்கத்தில், இந்த இருக்கை இன்னாருக்கு இன்னார் செய்து கொடுத்தது என்று தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தியது. பிற்காலத்தில் மற்றப் படுக்கைகளிலும் பெயர்கள் ஏறியிருக்கின்றன. ஆக, இடம் பிடிக்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் தொன்மையானது, இடையறாதது, உளியின் இடத்தில் துண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான் (ஜன்னலோர இருக்கைக்காரர் வாய்மொழி, அன்னவாசலில் வெயில் அந்தப் பக்கம் திரும்பியதும் அவரே மறுத்துவிட்டார்).

உணவியல்: புளியோதரை.

செருப்பியல் பற்றியும் அதிகம் சொல்ல இல்லை. நார்த்தாமலையின் மேலமலைப் பாறையில் பதினொரு மணிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்குக் கட்டடக்கலை ஆர்வம் அரைக்கால் பங்காகக் குறைகிறது. விஜயாலய சோழீச்சரத்தின் கருவறை உள்ளே வட்டமாக இருப்பதைப் பார்க்க நாலு பேர் மட்டும் நின்றார்கள். மற்றவர்கள் எதிரே குடைவரைக்குள் நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். அங்கே பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நிற்கின்றன. சோழன் பெயர் சுமக்கும் இந்தக் கோயிலைக் கட்டியவர் முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி. மழை இடித்த பிறகு எடுத்துக் கட்டியவர் மல்லன் விடுமன். இரண்டையும் கல்வெட்டு ஒளிக்காமல் சொல்கிறது. பொறுப்பு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு என்பது வேன் ஏற்பாட்டிலும் உண்டு. பணம் வசூலித்து, ஆள் சேர்த்து, வண்டி பேசியவர் ஒருவர். “நான்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன்” என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர் வேறொருவர்.

இனி நூலின் உயிர்நிலையான மடியியலுக்கு வருவோம். இதற்கு ஒரு சூத்திரம் கிடைக்கிறது:

‘மடிமேல் வருவது தலையெனப் படாஅது.’

என்றது, பெற்றோர் மடியில் அமர்ந்து வரும் குழந்தைக்குத் தலைக்கட்டணம் இல்லை என்றவாறு. ‘மடிமேல்’ என்றமையால் எஞ்சின் பெட்டிமேல் வருவது தலை என்பது பெற்றாம். ‘வருவது’ என்றமையால் போவதற்கு இது பொருந்தாது என்பாரும் உளர், அவர் டிரைவர். இச்சூத்திரம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டுக் கிடைத்தது; இரண்டாம் வரி சாம்பார்க் கறையால் சிதைந்துள்ளது. கறையின் மஞ்சள் அடர்த்தியைக் கொண்டு அது வைகாசி முகூர்த்தத்தைச் சேர்ந்தது என்று ஒரு கட்சி வாதிடுகிறது. முருங்கைக்காய் நார் காணப்படுவதால் மாசியே என்பது மறுகட்சி. இரு கட்சியாரும் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். ஆனால் அதை ஆதாரமாகக் கொள்வது முறையியலுக்கு ஒவ்வாது என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மடியில் எத்தனை வயது வரை உட்காரலாம் என்பதைச் சூத்திரம் சொல்லவில்லை. ரயில்வேயில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. அரசுப் பேருந்திலும் இப்போது அப்படித்தான். தொல்லியல் துறையோ பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணமே வாங்குவதில்லை. நம் வேனில் நான்காம் வரிசையில் ஒருவர் மடியில் ஒரு பையன் இருந்தான். முழங்கால் முன்சீட்டில் இடித்தது. தலை கூரையைத் தொட்டது.

“பையனுக்கு என்ன வயசுங்க?”

“நாலு முடியப் போவுது.”

இதைக் கீரனூர்ப் பாடம் என்று கொள்வோம்.

ஆய்வாளர்கள் உடனே கிளம்பினார்கள். பாணி ஆய்வாளர் ஒருவர் பையனின் அரைக்கால் சட்டையைப் பார்த்து, மடிப்பு இரண்டு முறை பிரிக்கப்பட்டிருப்பதால் ஏழு என்றார். சட்டை அண்ணனுடையது, எனவே முந்தைய அடுக்கைச் சேர்ந்தது என்று தந்தை தரப்பு தள்ளிவிட்டது. பல்லாய்வுக்காரர் முன்பல் இரண்டும் விழுந்து முளைத்திருப்பதைச் சுட்டினார். “எங்க குடும்பத்துல சீக்கிரம் முளைக்கும்” என்று வட்டார வேறுபாடு காட்டப்பட்டது. ஏழாம் இருக்கைக்காரர் ஒரு முழு ஆய்வுரையே தயாரித்துவிட்டார் (டோல்கேட் ரசீதின் பின்புறம், இடமிருந்து வலமாகத் தொடங்கி, இடம் போதாமல் ஓரங்களில் சுற்றிச் சுற்றி எழுதப்பட்டது, ‘ஒன்பது’ என்னும் சொல் அடிக்கப்பட்டு ‘எட்டு’ என்று திருத்தம், திருத்தியது வேறு மை, வேறு கை, அந்தக் கையில் அப்போது முறுக்கு இருந்ததற்கு எண்ணெய்த் தடம் சான்று).

அந்த நேரத்தில் வேன் சித்தன்னவாசல் போய்ச் சேர்ந்தது. டிக்கெட் கவுன்ட்டரில் கேட்டதற்குத் தந்தை கூசாமல் “எட்டு வயசு” என்றார். அங்கே உண்மை பேசினால் செலவில்லை. நாலுக்கும் எட்டுக்கும் நடுவே எவ்வளவு கிலோமீட்டர் என்று டிரைவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் சித்தன்னவாசல் குடைவரையான அறிவர் கோயிலின் கதையை நினைவூட்டுவது பொருத்தம். விதானத்தில் அந்தத் தாமரைக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள், சுண்ணாம்பில் தீட்டிய அந்தப் பச்சை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. 1920-ஐ ஒட்டி ஆய்வாளர் ழூவோ துப்ரே எழுதியதிலிருந்து இந்த ஓவியங்கள் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவை, ஏழாம் நூற்றாண்டு என்றே நெடுநாள் பேச்சு. இடுப்பின் வளைவைப் பார்த்தார்கள், கிரீடத்தைப் பார்த்தார்கள், அஜந்தாவோடு ஒத்துப் பார்த்தார்கள். கோயில் முகப்பை ஒட்டிய பாறையிலேயே ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தான் என்கிறது. ஓவியமும் அதற்கேற்ப இருநூறு ஆண்டு இளமையாகிவிட்டது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் இப்படித்தான் ஒரு காலத்தில் மகேந்திரவர்மன் கணக்கில் எழுதினார்கள். புதுக்கோட்டைச் சீமையில் சொந்தக்காரர் தெரியாத நல்ல பொருள் எது கிடைத்தாலும் அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவது அக்கால வழக்கமாக இருந்திருக்கிறது. பாவம், அவனும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

நம் சிக்கலும் அந்தக் கோயிலுக்குள்ளேயே தீர்ந்தது. கருவறைக்குள் நின்று மூச்சைப் பிடித்து ‘ம்ம்ம்’ என்றால் பாறை முழுதும் அந்த ஒலி நிறைந்து, காதில் கேட்பதைவிட நெஞ்சில் அதிகம் அதிரும். காவலர் எல்லோரையும் அமைதிப்படுத்தி ஒரு முறை செய்து காட்டினார். பிறகு பையனைப் பார்த்து, “தம்பி, நீ ஏதாச்சும் சொல்லு” என்றார். பையன் கையைக் கட்டிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தொடங்கினான். ஏழேழு நாற்பத்தொன்பது என்பதைப் பாறை கணீரென்று வழிமொழிந்தது. நிறுத்தச் சொல்லித் தந்தை இருமினார். அதையும் பாறை பெரிதாக்கியது.

அதன் பிறகு குடுமியான்மலை போனோம், பார்த்தோம். கொடும்பாளூர் மூவர் கோயிலில், பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்றில் இரண்டு விமானங்களே நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம்தான் மிச்சம் என்று தெரிந்ததும், தலைக்கட்டணத்தில் அந்த இடத்துக்குரிய பங்கில் மூன்றிலொன்றைத் திருப்பித் தரவேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. எழுப்பியவர் அதே தந்தை.

கீரனூர் திரும்பி வேனை விட்டு இறங்கும்போது டிரைவர் பையனுக்கு அரை டிக்கெட், 250 ரூபாய் கேட்டார்.

“மடியிலதானே வந்தான்?”

“அண்ணே, வயசெல்லாம் எனக்கு வேணாம். தலைக்குத்தான் காசு. தலை இருக்குல்ல?”

தந்தை கொஞ்சம் யோசித்தார். விராலிமலை தாண்டியதிலிருந்து பையன் தூங்கிக்கொண்டு வந்தான் என்றும், கால் மட்டுமே தம் மடியில் இருந்தது என்றும், தலை முழுக்க ஏழாம் இருக்கைக்காரர் மடியில்தான் கிடந்தது என்றும், சாட்சிக்கு அவர் வேட்டியில் எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை என்றும் எடுத்துரைத்தார். ஏழாம் இருக்கைக்காரர் மறுப்புரை எழுத இன்னொரு டோல்கேட் ரசீது கேட்டிருக்கிறார்.