எண்பது சதுர அடி இளவரசன்

பத்தாவது முடித்த பையனுக்குத் தனி அறை ஒதுக்கி அழகுபடுத்தப் போகிறீர்களா? முதல் வேலையாக, ஃப்ளாட் வாங்கும்போது பில்டர் கொடுத்த வழவழப்பான புத்தகத்தைப் பரணில் போடுங்கள். அதில் ‘கிட்ஸ் பெட்ரூம்’ படத்தில் ஒரு கிடார், ஒரு டெலஸ்கோப், ஜன்னலோரம் பூச்செடி எல்லாம் இருக்கும். அரிசி மூட்டை இருக்காது.

அடுத்து டேப்பை எடுத்து அளக்கவும். இரண்டு அறை உள்ள வீட்டில் சின்ன அறை 7.5 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நம் கணக்கில் 80 சதுர அடி. பில்டர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். அதற்கு மேல் ஒரு அங்குலம் தர மாட்டார்கள். ஆறுக்கு மூன்று கட்டில் போட்டால் 18 சதுர அடி போச்சு. பீரோ, பீரோ கதவு திறக்க இடம், படிக்கிற மேசை, பாட்டியின் தையல் மெஷின். மீதி இடத்தில் அரிசிச் சிப்பம். 25 கிலோ வரையிலான பேக் செய்த அரிசிக்கு 2022-ல் ஜிஎஸ்டி போட்டார்கள். மில்காரர்கள் மூட்டையை 26 கிலோ ஆக்கிவிட்டார்கள். அந்தக் கூடுதல் ஒரு கிலோவும் பையன் ரூமில்தான் இருக்கிறது.

வண்ணம். கறுப்பு கேட்பான். நீங்கள் மறுக்க வேண்டாம், “பாட்டிகிட்ட கேட்டுக்கோடா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பேச்சுவார்த்தை முடிவில் ஒரே ஒரு சுவருக்கு அடர்நீலம் என்று உடன்பாடு வரும். பெயின்டர் வந்ததும், ஹாலுக்கு அடித்து மிச்சமான சந்தன நிற வாளியைக் காட்டி, “இதையே ஓட்டிடலாமே சார், ரெண்டு கோட்டுக்கு வரும்” என்பார். ஓட்டிவிடுங்கள்.

சுவர் அலங்காரத்தில்தான் ரசனை தெரிய வேண்டும். அப்பாவின் தேர்வு: 118 தனிமங்களும் அடங்கிய தனிம வரிசை அட்டவணை, லேமினேட் செய்தது. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் நேரே கண்ணில் படுகிற மாதிரி ஆணி அடித்து மாட்ட வேண்டும். நீட் தேர்வுக்கு நல்லது என்று கோச்சிங் சென்டரில் சொல்லியிருக்கிறார்கள். பையனின் தேர்வு: 7-ஆம் எண் மஞ்சள் ஜெர்சியில் தோனி. இதை அவன் செலோ டேப்பால் ஒட்டுவான். மூன்றாம் மாதம் போஸ்டரின் ஒரு மூலை உரிந்து, கூடவே உள்ளங்கை அகலத்துக்குச் சந்தன நிறத்தையும் பட்டியோடு பெயர்த்துக்கொண்டு வரும். பதற வேண்டாம். அட்டவணையைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டினால் சரியாக மறைக்கும். மாட்டுவதற்கு முன் அட்டவணையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள். அங்கே ஒட்டியிருக்கும் கதாநாயகி எந்தத் தொகுதியைச் சேர்ந்தவர் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது.

விளக்குக்கு ஐந்து மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப், ரிமோட்டுடன். இதை அவனே ஆன்லைனில் வரவழைத்து, அவனே சீலிங் ஓரமாக ஒட்டிவிடுவான். அவன் கேட்காமல் செய்யும் ஒரே வீட்டு வேலை. ராத்திரி எதிர் ஃப்ளாட்டிலிருந்து பார்த்தால் திருச்சி பைபாஸில் போகும் தனியார் பஸ் மாதிரி இருக்கும். மே மாத வெயிலில் பசை இளகி, பாதி ஸ்ட்ரிப் ஃபேனுக்கு அருகே தொங்கும். அதை மட்டும் உடனே கவனிக்கவும்.

கட்டில் அடியில் பெட்டி வைத்ததாக வாங்குங்கள். புத்தகங்களை வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் வாங்குவீர்கள். கொலு பொம்மைகள் உள்ளே போய்விடும். நவராத்திரிக்கு முதல் நாள் காலை ஐந்தரைக்கு, தூங்குகிறவனை எழுப்பிச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் தசாவதாரத்தை வெளியே எடுக்கலாம். நாற்காலியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது துணிக்கு.

தாழ்ப்பாளைப் பற்றி எந்த இன்டீரியர் டிசைனரும் பேசுவதில்லை. இத்தனை அலங்காரத்தில் பையனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். “வீட்டுக்குள்ள என்னடா தாழ்ப்பாள்?” என்று அம்மா கேட்பார். கார்பென்டரிடம் சொல்லி நல்லதாக ஒன்று போடுங்கள்; துணி காயப்போடும் பால்கனிக்கு அந்த ரூம் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் எப்படியும் அரை மணிக்கு ஒரு தடவை தட்டத்தான் போகிறீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஊரிலிருந்து மாமா ஒரு கல்யாணத்துக்கு வருவார். அவருக்குப் பையனின் ரூம், பையனுக்கு ஹாலில் பாய். எல்இடி ரிமோட்டை மட்டும் மாமாவின் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஏசி ரிமோட் என்று நினைத்து அழுத்திக்கொண்டே இருப்பார்.