ஆட்டம் எல்விஸ், கல்லா கர்னல்

இந்த வாரத் தபால் முழுக்க எல்விஸ் பிரெஸ்லி. யார் வீட்டுப் பரணிலோ பழைய இசைத்தட்டு அகப்பட்டிருக்கிறது. நடக்கட்டும்.

ஒரு பாட்டைக்கூட உட்கார்ந்து எழுதாதவரைப் போய் மேதை என்கிறார்களே? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தென்காசி)

ஐயா, விருந்து சமைத்தவர் நெல்லும் நட்டிருக்க வேண்டுமா? அந்தக் குரலுக்கு யார் எழுதினால் என்ன! ஆனால் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' எழுதியவர்கள் பட்டியலில் மூன்றாவதாக அவர் பெயரும் இருக்கிறது. பேனா தொடாமலே பங்கு. அவருடைய முதல் இசைத்தட்டான 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை எழுதிய கறுப்பினக் கலைஞர் ஆர்தர் க்ரூடப்போ ராயல்டிக்கு அலைந்தலைந்தே 1974-ல் போய்ச் சேர்ந்தார். மேதையைச் சந்தேகிக்காதீர்கள், கணக்குப்பிள்ளையைச் சந்தேகியுங்கள்.

டி.வி.யில் அவரை இடுப்புக்கு மேலே மட்டும்தான் காட்டினார்களாமே? (கல்லூரி மாணவி, கோவை)

1957 ஜனவரி 6, எட் சல்லிவன் நிகழ்ச்சி. கேமரா இடுப்போடு நின்றுவிட்டது. அன்று பாடியதில் ஒன்று தேவாலயப் பாட்டு. அதற்கும் அதே தண்டனை! காட்டாத பாதியை அமெரிக்காவே கற்பனை செய்துகொண்டது. தணிக்கைக்காரர்களைப் போல் இலவச விளம்பரம் செய்பவர்கள் உண்டோ?

இடுப்பாட்டம் தவிர நாட்டுக்கு அவரால் ஏதாவது உபயோகம்? (வாசகர், மன்னார்குடி)

உண்டு ஓய். 1956 அக்டோபர் 28, அதே நிகழ்ச்சியில் இரண்டாவது முறை பாட வந்தபோது, பத்திரிகைக்காரர்கள் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு போலியோ ஊசி போட்டுக்கொண்டார். ஊசி என்றால் நழுவிய இளவட்டங்களுக்காக அரங்கேறிய காட்சி. இடுப்பைத் திட்டிய தாய்மார்கள் புஜத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

உலகப் புகழ் பெற்றவர் இந்தியாவுக்கு ஏன் வரவில்லை? (வாசகி, பாளையங்கோட்டை)

இந்தியாவா? லண்டனில்கூட அவர் ஒரு கச்சேரி செய்ததில்லை அம்மணி! அமெரிக்காவுக்கு வெளியே அவர் மேடையேறியது 1957-ல் கனடாவின் மூன்று ஊர்களில் மட்டும். ஐரோப்பாவைப் பார்த்தது ராணுவச் சிப்பாயாக, அரசாங்கச் செலவில்.

காரணத்தைக் கேட்டால் பல பேர் கைகாட்டுவது மேனேஜர் 'கர்னல்' டாம் பார்க்கரை. மேற்கு வர்ஜீனியாக்காரன் என்று சொல்லித் திரிந்த இந்த மனிதர், ஹாலந்தின் ப்ரேடா நகரில் 1909-ல் பிறந்த ஆண்ட்ரியாஸ் வான் கைக். காகிதம் எதுவும் இல்லாமல் அமெரிக்காவுக்குள் புகுந்தவர். பாஸ்போர்ட் கிடையாது. எல்லை தாண்டினால் திரும்ப விடுவார்களோ என்ற உதறல் என்பது சரிதம் எழுதியவர்களின் ஊகம். வெளிநாட்டிலிருந்து கோடிகளை நீட்டியவர்களுக்கெல்லாம் கர்னல் தலையாட்டினார், இடவலமாக.

1973 ஜனவரி 14-ல் ஹவாயில் எல்விஸ் பாடியதைச் செயற்கைக்கோள் வழியே பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். செயற்கைக்கோளுக்குக் குடியுரிமைச் சோதனை இல்லையே.

கர்னல் எந்தப் போரில் சண்டை போட்டார்? (முன்னாள் ராணுவத்தினர், வேலூர்)

எதிலும் இல்லை. 1948-ல் லூசியானா கவர்னர் கொடுத்த மரியாதைப் பட்டம் அது. சிப்பாயாக இருந்தவர் எல்விஸ், கர்னல் என்று சல்யூட் வாங்கியவர் பார்க்கர்.

மேனேஜருக்குக் கமிஷன் எவ்வளவு? (வாசகர், சிவகாசி)

முதலில் கால் பங்கு. 1967 முதல் பாதிக்குப் பாதி. ரசிகர்களிடம் எல்விஸ் பேட்ஜ் விற்றதோடு நில்லாமல், 'எல்விஸைப் பிடிக்காது' என்ற பேட்ஜையும் அடித்து, பிடிக்காதவர்களிடமும் காசு பார்த்தவர். அரசியலில் இருந்திருந்தால் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்கும் அவரே பொருளாளர்.

ஜனாதிபதி நிக்சனுக்குத் துப்பாக்கி பரிசளித்தாராமே? (வாசகர், நாகர்கோவில்)

1970 டிசம்பர் 21. விமானத்தில் வரும்போதே கைப்பட ஒரு கடிதம் எழுதி, வெள்ளை மாளிகை வாசலில் கொடுத்து, அன்றே உள்ளே போய்விட்டார். கோல்ட் .45 துப்பாக்கியைக் கொடுத்தார். கேட்டு வாங்கியது போதைப்பொருள் தடுப்புத் துறையின் பேட்ஜ். 1977-ன் முதல் எட்டு மாதத்தில் மட்டும் அவர் பெயரில் எழுதப்பட்ட மருந்துகள் 10,000 டோஸுக்கு மேல். எல்லாம் டாக்டர் சீட்டோடு. பேட்ஜைக் காட்டி யாரைப் பிடிப்பது?

அவருக்குப் பிடித்த சாப்பாடு? (இல்லத்தரசி, திருவையாறு)

ஒரு முழு ரொட்டியைக் குடைந்து, ஒரு ஜாடி வேர்க்கடலை வெண்ணெய், ஒரு ஜாடி ஜாம், வறுத்த பன்றி இறைச்சி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, எல்லாவற்றையும் திணித்தால் ஒரு சாண்ட்விச். 1976-ல் அதற்காகவே மெம்ஃபிஸிலிருந்து டென்வருக்குச் சொந்த விமானத்தில் பறந்தார். ஊருக்குள் போகவில்லை, விமானநிலையத்திலேயே தின்றுவிட்டுத் திரும்பினார். நீங்கள் வீட்டில் முயல வேண்டாம். விமானச் செலவு கட்டுப்படியாகாது.

ராக் அண்ட் ரோல் ராஜாவுக்கு எத்தனை கிராமி விருது? (வாசகர், ஈரோடு)

போட்டியிட்டு வென்றது மூன்று. மூன்றும் பக்திப் பாட்டுக்கு.

எல்விஸ் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று என் மச்சான் அடித்துச் சொல்கிறார்! (வாசகர், விருதுநகர்)

1977 ஆகஸ்ட் 16, கிரேஸ்லாந்து வீட்டுக் குளியலறை, வயது 42. மச்சானிடம் சொல்லிவிடும். அடக்கம் முடிந்த சூட்டிலேயே எல்விஸ் படம் போட்ட சரக்கு விற்க கர்னல் ஒப்பந்தம் போட்டுவிட்டார். நீதிமன்றம் தலையிடும்வரை எஸ்டேட் வருமானத்திலும் அதே பாதிப் பங்கு. 1982-ல் குடும்பத்தார் கிரேஸ்லாந்துக்கு டிக்கெட் போட்டுத் திறந்த பிறகுதான் சொத்து தலைநிமிர்ந்தது. எல்விஸ் உயிரோடு இருந்தால், கர்னலுக்குத் தெரியாமல் இருந்திருப்பாரா? கமிஷன் கேட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டாரா?