நிரூபணச் சுமை

கடவுள் உண்டா என்ற வழக்கு ஆம்பூர் டீக்கடைகளில் இன்னும் வாய்தாவிலேயே கிடக்கிறது. உண்டு என்கிறவன் நிரூபிக்கட்டும் என்று ஒரு பெஞ்சு, இல்லை என்கிறவன் நிரூபிக்கட்டும் என்று எதிர் பெஞ்சு. நிரூபிக்கும் சுமை உண்டு என்று சொல்பவன் தலையில்தான் என்று காட்டத்தான் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சூரியனைச் சுற்றும் ஒரு தேநீர்க் கெண்டியைக் கற்பனை செய்தார். அதை யார் கழுவி வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

நம் பக்கம் தீர்ப்பே உண்டு. பாலாற்றில் கலந்த தோல் பதனிடும் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். இதை மேலே நீட்டினால், உலகத்தை இந்த லட்சணத்தில் நடத்துகிற பெரிய முதலாளியே ஆஜராக வேண்டியிருக்கும். அதிலும் சிக்கல். இந்தியச் சட்டப்படி கோயில் தெய்வம் ஒரு நபர். ஆனால் நிரந்தர மைனர். சம்மனைத் தர்மகர்த்தாதான் வாங்க வேண்டும்!

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். நாத்திகருக்கு இதைவிடக் கண்கூடான சான்று கிடைத்திருக்காது. 1981இல் ஜலகண்டேஸ்வரர் லிங்கம் கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்குத் திரும்பியது. அந்தச் சான்றும் போயிற்று. ராஜா இனி வரப்போவதில்லை, தேவையும் இல்லை. பாலாற்றுத் தண்ணீர் கெட்ட விவகாரத்தை மட்டும் கடவுள்மேல் தள்ளிவிட முடியாது. அதற்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது தீர்ப்பில் தெளிவாகவே இருக்கிறது.