வந்தால் போகாத வைரஸ்

கேள்வி: என்றோ வந்துபோன வைரஸ் காய்ச்சலுக்கும், பல வருடம் கழித்து வரும் தீராத நோய்க்கும் தொடர்பு இருக்க முடியுமா?

பதில்: முடியும். ‘வந்துபோன’ என்கிறீர்களே, சில வைரஸ்கள் போவதே இல்லை. விருந்துக்கு வந்து வீட்டோடு தங்கிவிடும் உறவினர் ரகம் அவை. உதாரணமாக, எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகின் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோரின் உடலில் ஆயுள் முழுக்கக் குடியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை இல்லை.

ஆனால், உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ நோயில் இதன் கைவரிசை தெரிகிறது. ஒரு கோடிக்கும் அதிகமான அமெரிக்க ராணுவத்தினரை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வு 2022ல் வெளியானது. இந்தத் தொற்றுக்குப்பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. வேறு வைரஸ்களுக்கு அப்படிக் கூடவில்லை. வைரஸின் ஒரு புரதம் நரம்பு மண்டலப் புரதத்தை ஒத்திருப்பதால், எதிரியை அடிக்கப் போன படை சொந்த வீட்டையே அடிக்கிறது என்கிறது இன்னொரு ஆய்வு.

பயம் வேண்டாம். தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே இந்த நோய் வருகிறது. மரபணு, புகைப்பழக்கம் போன்றவையும் கூட்டுச் சேர வேண்டும். காய்ச்சல் தணிந்தும் மாதக்கணக்கில் அசதி, மரமரப்பு என்று ஒருவர் சொன்னால், ‘எல்லாம் மனப்பிரமை’ என்று மட்டும் தள்ளாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.